கப்பைக் குறைக்காமல் பில்லைக் குறைப்பது: காபி ஷாப் செலவுக்கு ஒரு முழு வழிகாட்டி

காபி ஷாப் செலவைக் குறைப்பது எப்படி என்று யாரிடம் கேட்டாலும் "வீட்டிலேயே போட்டுக் குடி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது ஆலோசனை இல்லை, திட்டு. வீட்டில் காபி போடலாம் என்பது தெரியாமலா நாம் கடைக்குப் போகிறோம்?

பல வருடம் கடைக்காபிக்குக் காசு கொடுத்த பிறகு எனக்கு உறைத்த விஷயம் இதுதான்: கடையில் நாம் கொடுக்கும் பணத்தில் காபிக்குப் போவது கொஞ்சம்தான். ஒரு டபுள் ஷாட் எஸ்பிரெஸ்ஸோவுக்குச் சுமார் 18 கிராம் தூள் போதும். மீதியெல்லாம் பால், சிரப், பெரிய கப், வாடகை, சம்பளம், நாம் உட்காரும் நாற்காலி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இதில் ஏமாற்று எதுவும் கிடையாது. ஆனால் அந்த முக்கால் பணத்தில் எது உங்களுக்குத் தேவை, எதைக் கேட்காமலேயே வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பிரித்துப் பார்த்தால், ஒரு கப்பைக்கூட விடாமல் பில் இறங்கும்.

படி 1: இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

செல்போனில் ஒரு குறிப்பு போதும். என்ன குடித்தீர்கள், எந்த அளவு, எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதோடு, ஏன் குடித்தீர்கள் என்பதையும் ஒரே சொல்லில் எழுதுங்கள். முழு வழிகாட்டியும் அந்த "ஏன்" மேல்தான் நிற்கிறது. ஐந்து காரணம் போதும்: ருசி, தூக்கம், இடம், ஆள், பழக்கம்.

ருசி என்றால் அந்தக் கடையின் அந்தக் காபியே வேண்டும் என்பது. தூக்கம் என்றால் கண் சொருகுகிறது, காஃபின் வேண்டும். இடம் என்றால் உட்கார்ந்து வேலை பார்க்கவோ மழைக்கு ஒதுங்கவோ ஓர் இருக்கை. ஆள் என்றால் யாரையாவது பார்க்கப் போனது. பழக்கம் என்றால் கடை வழியில் இருந்தது, கால் தானாகத் திரும்பியது.

நான் முதல் முறை எழுதியபோது 14 நாளில் 11 கப். ருசி என்று மனசாட்சியோடு எழுத முடிந்தது மூன்றே மூன்று. நான்கு இடத்துக்காக. மற்ற நான்கும் பழக்கம். என்னை நான் பெரிய காபி ரசிகனாக நினைத்துக்கொண்டிருந்ததால் இது கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது.

எழுதும்போதே குறைக்க முயலாதீர்கள். உடம்பு எடை பார்க்கும் நாளில் மட்டும் பட்டினி கிடப்பது போல ஆகிவிடும்.

படி 2: மெனுவைப் பெயரால் படிக்காமல், கப்புக்குள் இருப்பதால் படியுங்கள்

மெனு பலகையில் இருபது பெயர் இருந்தாலும் எஸ்பிரெஸ்ஸோ வகைகளின் அடிப்படை ஒன்றே. 18 கிராம் தூளில் சுமார் 9 பார் (காற்றழுத்தத்தைப் போல ஒன்பது மடங்கு) அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்தினால், 25 முதல் 30 விநாடிக்குள் ஏறக்குறைய 36 கிராம் டிகாக்‌ஷன் இறங்கும். அதுதான் டபுள் ஷாட், அதாவது இரண்டு ஷாட். அதில் வெந்நீர் ஊற்றினால் அமெரிக்கானோ. கொஞ்சம் பால் சேர்த்தால் மக்கியாட்டோ, சரிபாதி சேர்த்தால் கோர்ட்டாடோ. பாலும் கெட்டி நுரையும் என்றால் கப்புச்சினோ, நிறையப் பாலும் மெல்லிய நுரையும் என்றால் லாட்டே. ஷாட் அதேதான். பால் கூடக் கூட விலை ஏறுகிறது, காபியின் வீச்சு இறங்குகிறது.

அளவில்தான் பலரும் கோட்டை விடுகிறோம். பெரிய கப் வாங்கினால் நிறையக் காபி கிடைக்கும் என்பது நம் கணக்கு. ஸ்டார்பக்ஸின் வழக்கமான செய்முறையை எடுத்துக்கொள்ளுங்கள். சூடான லாட்டேயில் 355 மி.லி. 'டால்' கப்பில் ஒரு ஷாட். 473 மி.லி. 'கிராண்டே'யில் இரண்டு. 591 மி.லி. 'வென்டி'யிலும் அதே இரண்டு ஷாட்தான். கிராண்டேயிலிருந்து வென்டிக்குத் தாவும்போது கூடுதலாகக் கொடுக்கும் காசு முழுக்க 118 மி.லி. பாலுக்கும் நுரைக்கும் போகிறது. குளிர்ந்த லாட்டேயில் மட்டும் வென்டிக்கு மூன்றாவது ஷாட் உண்டு. இன்னொன்று: மெனுவில் பெரும்பாலும் எழுதியிருக்காத, சுமார் 240 மி.லி. பிடிக்கும் 'ஷார்ட்' கப் ஒன்று அங்கே சூடான பானங்களுக்கு உண்டு. அதிலும் ஒரு ஷாட். டால் கப்பில் இருக்கும் அதே காபி, குறைந்த பாலோடு.

வேறு கடைகளில் கணக்கு வேறாக இருக்கலாம். ஆகவே ஒருமுறை கேட்டுவிடுங்கள்: "இந்த மூன்று அளவிலும் எத்தனை ஷாட் போடுகிறீர்கள்?" காபி போட்டுத் தரும் பரிஸ்டாக்கள் இதற்குச் சலித்துக்கொள்வதில்லை. பதிலைக் குறித்துக்கொண்டால், அந்தக் கடையில் எந்த அளவு லாபம் என்ற கேள்வி அன்றோடு முடிந்தது.

படி 3: காரணத்துக்கு ஏற்ற மாற்று

இங்கேதான் உங்கள் இரண்டு வாரக் குறிப்பு வேலைக்கு வருகிறது. ("பழக்கம்" மட்டும் படி 8இல்.)

"தூக்கம்" என்று எழுதிய கப்புகளுக்கு லாட்டே வாங்குவது வீண். ஒரு சிங்கிள் ஷாட் எஸ்பிரெஸ்ஸோவில் சராசரியாக 63 மில்லிகிராம் காஃபின் இருக்கிறது. குடுவையில் வடித்து வைத்திருக்கும் டிரிப் காபி 240 மி.லி. குடித்தால் சுமார் 95 மில்லிகிராம். பெரும்பாலான கடைகளில் மெனுவிலேயே மலிவானதும் அந்த டிரிப் காபிதான். ஒற்றை ஷாட் லாட்டேயைவிடக் குறைந்த விலையில் அதிகக் காஃபின். (ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் அளவு. கர்ப்பிணிகளுக்கு அதில் பாதி.) சில கடைகளில் உட்கார்ந்து குடித்தால் இரண்டாவது கப் டிரிப் காபி சலுகை விலையிலோ இலவசமாகவோ கிடைக்கும். பலகையில் எழுதியிருக்காது, கேட்டால்தான் சொல்வார்கள்.

"இடம்" என்று எழுதிய கப்புகளில் நீங்கள் வாங்குவது நாற்காலியை. நாற்காலிக்கு மிகக் குறைந்த கட்டணம் எதுவோ அதைக் கொடுங்கள்: டிரிப் காபி, அமெரிக்கானோ, சாதாரணத் தேநீர். சின்னக் கப்பை வாங்கி நான்கு மணி நேரம் மேசையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லவில்லை. கூட்டம் ஏறினால் எழுந்துவிடுங்கள், அல்லது இன்னொன்று வாங்குங்கள். அப்போதும் சின்னதாகவே.

"ஆள்" கப்புகளை நான் தொடுவதில்லை. நண்பரை எதிரே உட்காரவைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பவனோடு யாரும் இரண்டாம் முறை வரமாட்டார்கள்.

"ருசி"க்காக என்றால், பால் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். கோர்ட்டாடோவிலோ மக்கியாட்டோவிலோதான் அந்தக் கொட்டையின் மணம் தெரியும். பெரும்பாலும் லாட்டேயைவிட விலையும் குறைவு. கொட்டை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அரை லிட்டர் பாலில் கரைத்தால் பால் ருசிதான் வரும்.

லாட்டேயை விடவே முடியாது என்பவர்களுக்கு மூன்று வழி:

- டிரிப் காபியும் சூடாக்கிய பாலும் பாதிக்குப் பாதி. சில கடைகளில் கஃபே ஓ லே என்பார்கள், சில இடங்களில் மிஸ்டோ. லாட்டேயைவிடப் பொதுவாக மலிவு, குடிக்கும்போது அதன் நெருங்கிய உறவு.
- அமெரிக்கானோவில் தண்ணீரைக் குறைத்து, மேலே கொஞ்சம் பால். இந்தக் கொஞ்சத்துக்குப் பல கடைகள் காசு கேட்பதில்லை.
- குளிர்ந்ததாக வேண்டுமானால், ஐஸ் மேல் டபுள் ஷாட், ஒரு சிறு ஊற்றுப் பால்.

மூன்றாவதில் ஓர் எல்லை இருக்கிறது. டபுள் ஷாட்டைப் பெரிய கப்பில் வாங்கி, வாடிக்கையாளர்களுக்காக வைத்திருக்கும் இலவசப் பாலைக் கழுத்துவரை ஊற்றி லாட்டே ஆக்கிக்கொள்ளும் தந்திரத்தைப் பலரும் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. அது மிச்சம் பிடிப்பது இல்லை, பந்தியில் பாயசத்தைத் தூக்குவாளியில் அடைப்பது. ஒரு சிறு ஊற்று வரைக்கும்தான் அது இலவசம்.

படி 4: கூட்டிச் சேர்ப்பவை

சிரப், கூடுதல் ஷாட், ஓட்ஸ் பால், மேலே க்ரீம், கோல்ட் ஃபோம் என்னும் குளிர்ந்த பால் நுரை. தனித்தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை. இரண்டு சேர்ந்தால் இன்னொரு காபியின் பாதி விலையைத் தொட்டுவிடும். முதலில் இவற்றைக் கழற்றுங்கள். சிரப் சேர்த்த நடுத்தர லாட்டேயில் வழக்கமாக நான்கு பம்ப் (சிரப் பாட்டிலின் மூடியை நான்கு அழுத்து) போவதுண்டு. அதிலேயே ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை வந்துவிடும். இரண்டு பம்ப் போதும் என்று சொல்லிப் பாருங்கள். விலை குறையாது, ஆனால் நாக்கு பழகிவிடும். பழகியபின் சிரப்பே இல்லாததை வாங்குவது சுலபம்.

குளிர்ந்த பானங்களில் ஐஸ் தனிக் கதை. கப்பின் பெரும் பங்கை ஐஸே அடைத்துக்கொள்ளும். "ஐஸ் குறைவாக" என்று கேட்டால் எல்லாக் கடையிலும் காபி கூடிவிடாது. சிலர் பாலால் நிரப்புவார்கள், சிலர் கப்பை அரைகுறையாக விட்டுக் கொடுப்பார்கள். கோல்ட் ப்ரூ (தூளைக் குளிர்ந்த நீரில் மணிக்கணக்கில் ஊறவைத்து வடித்தது) போல ஏற்கெனவே கலந்து வைத்ததில் மட்டும் இந்தக் கேட்டலுக்குப் பெரும்பாலும் பலன் உண்டு.

படி 5: முத்திரை அட்டை, பாயிண்ட், வாலட்

இதை நிதானமாகப் படியுங்கள். சேமிப்பு என்ற பெயரில் அதிகம் செலவழிக்கவைப்பது இதுதான்.

ஒன்பது வாங்கினால் பத்தாவது இலவசம் என்றால் தள்ளுபடி 10 சதவீதம். அவ்வளவுதான். எப்படியும் குடிக்கப்போகிற ஒன்பதுக்குக் கிடைத்தால் லாபம். அட்டையை நிரப்ப இரண்டு கப் கூடுதலாக வாங்கியிருந்தால், இலவசமாக வந்த ஒன்றுக்கு இரண்டு கப் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

இது நடக்கும் என்பது சோதித்துப் பார்த்த விஷயம். 2006இல் ரான் கிவெட்ஸும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் ஒரு காபிக் கடையின் முத்திரை அட்டைகளை வைத்து ஆராய்ந்து வெளியிட்டார்கள். சிலருக்குப் பத்து கட்டம் உள்ள அட்டை. சிலருக்குப் பன்னிரண்டு கட்டம், அதில் இரண்டு முன்னதாகவே குத்தித் தந்தது. இருவரும் வாங்கவேண்டியது அதே பத்துதான். ஆனாலும் இரண்டு முத்திரை முன்னால் வாங்கியவர்கள் சீக்கிரம் நிரப்பினார்கள். பரிசு நெருங்க நெருங்க, ஒரு கப்புக்கும் அடுத்த கப்புக்கும் இடையிலான நாட்கள் குறைந்ததையும் கண்டார்கள். "உங்களுக்கு வரவேற்புப் பரிசாக 50 பாயிண்ட்" என்று ஆப் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாயிண்ட் முறைக்குச் சுலபமான கணக்கு: ஒரு இலவசக் காபிக்கு எவ்வளவு செலவழிக்க வேண்டும் என்று பாருங்கள். காபியின் விலையை, அந்தத் தொகையும் காபியின் விலையும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுங்கள். அதுதான் உண்மையான தள்ளுபடி. 5 சதவீதத்துக்குக் கீழே வந்தால் அந்த ஆப்பின் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். அறிவிப்பால் போகிற காசு அதைவிட அதிகம். பாயிண்டைச் செலவழிக்கும்போது மலிவான காபியில் வீணாக்காமல், மெனுவில் அதே பாயிண்டுக்குக் கிடைக்கும் விலை கூடியதை எடுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

கடையின் ஆப் வாலட்டில் முன்பணம் ஏற்றிவைப்பது இன்னும் மோசம். ஸ்டார்பக்ஸின் கணக்கில் வாடிக்கையாளர்கள் இப்படி ஏற்றிவைத்துச் செலவழிக்காமல் கிடக்கும் பணம் 100 கோடி டாலருக்கும் மேல். வட்டியில்லாக் கடன் கொடுத்தவர்கள் நாம். ஏற்றத்தான் வேண்டுமென்றால் மாத வரம்பாக ஏற்றுங்கள். அந்த மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒருமுறை மட்டும், தானியங்கி ரீசார்ஜை அணைத்துவிட்டு.

படி 6: சொந்தக் கப்

சொந்தக் கப் கொண்டுபோனால் பல கடைகள் சிறு தள்ளுபடி தரும். ஸ்டார்பக்ஸ் 1985 முதலே தருகிறது. ஆர்டர் சொல்வதற்கு முன்பே கப்பைக் காட்டுங்கள், பில் போட்டபின் கேட்டால் நடக்காது. தினமும் போகிறவர்களுக்குத்தான் இதில் பலன். வாரம் ஒருமுறை போகிறவர் விலையுயர்ந்த கப்பைப் புதிதாக வாங்கினால், அந்தக் காசைத் திருப்பி எடுக்கவே ஆண்டுகள் ஆகும். வீட்டில் மூடியோடு கிடக்கும் ஏதாவது போதும்.

படி 7: வீட்டுக்கு வரவழைக்காதீர்கள்

டெலிவரியில் கூடிய மெனு விலை, டெலிவரி கட்டணம், ஆப் பிடிக்கும் பிளாட்ஃபார்ம் கட்டணம் எல்லாம் கொடுத்துப் பெறுவது ஆறிப்போன காபி, அமுங்கிய நுரை. சுமைகூலி பழமொழியை மேலே சொல்லிவிட்டேன். இங்கே அது அப்படியே பொருந்துகிறது.

படி 8: பழக்கக் கப்புகளை மட்டும் வீட்டுக்கு மாற்றுங்கள்

எல்லாக் கப்பையும் வீட்டுக்கு மாற்ற முயல்பவர்கள் மூன்றாவது வாரம் பழையபடி கடையில் நிற்பார்கள். "பழக்கம்", "தூக்கம்" இரண்டை மட்டும் மாற்றுங்கள். வழியில் கடை வருவதற்கு முன்பே கையில் காபி இருந்தால் கால் திரும்பாது.

தூள் கணக்கு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம். 250 மி.லி. கப்புக்கு 15 கிராம். 250 கிராம் பாக்கெட்டில் 16 கப் தேறும். பாக்கெட் விலையை 16ஆல் வகுத்து, கடை விலையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். நான் சொல்லவேண்டியதை அந்த எண் சொல்லிவிடும். நல்ல கொட்டை வாங்கத் தயங்காதீர்கள். இரண்டு மடங்கு விலையுள்ள கொட்டை வாங்கினாலும் கடைக் கப்பின் விலையை நெருங்குவது அரிது. மட்டமான தூள் வாங்கினால்தான் உண்மையான நஷ்டம், ஏனென்றால் மறுநாள் கடைக்குப் போய்விடுவீர்கள்.

காசு செலவழிக்கும் வரிசை: முதலில் கொட்டை, அடுத்து அரைப்பான், கடைசியில்தான் கருவி. பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். அரைத்த தூளின் மணம் சில நாளில் போய்விடும், கொட்டையாக இருந்தால் வாரக்கணக்கில் நிற்கும். பிளேடு சுழன்று வெட்டும் அரைப்பானில் பொடியும் கட்டியும் கலந்து வரும். அதனால் ஒரே கப்பில் கசப்பும் புளிப்பும். இரண்டு பற்சக்கரங்களுக்கு இடையில் நெரிக்கும் பர் அரைப்பான், கையால் சுற்றுவது போதும். கொட்டையைக் காற்றுப் புகாத டப்பாவில் வெளிச்சம் படாமல் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வேண்டாம், ஈரமும் மற்ற வாசனைகளும் ஏறும். நிறைய வாங்கிவிட்டால் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி ஃப்ரீசரில் வைக்கலாம்.

போடும் முறையில் மூன்று போதும், மூன்றில் ஒன்று போதும்.

ஃப்ரெஞ்ச் பிரஸ் (வலைத்தட்டை அழுத்தித் தூளைப் பிரிக்கும் குடுவை): 30 கிராம் கரகரப்பான தூள், கொதித்து அரை நிமிடம் ஆறிய தண்ணீர் 500 மி.லி., நான்கு நிமிடம். அழுத்தியவுடன் வேறு பாத்திரத்தில் ஊற்றிவிடுங்கள், உள்ளேயே விட்டால் கசந்துகொண்டே போகும். இதே கருவியில் பாலையும் நுரைக்கலாம். பாலை 60 முதல் 65 டிகிரிக்குச் சூடாக்கி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல் அரை நிமிடம் மேலும் கீழும் அடித்தால் கப்புச்சினோ நுரை தயார்.

மோகா பாட் (அடுப்பில் வைத்து, ஆவி அழுத்தத்தில் காபியை மேலே ஏற்றும் பாத்திரம்): 1933இல் இத்தாலியில் பியாலெட்டி கொண்டுவந்தது. வால்வுக்குக் கீழ் வரை தண்ணீர், தட்டையாகத் தூள், அமுக்கக் கூடாது, சிறு தீ, கொப்பளிக்கும் சத்தம் வந்ததும் இறக்க வேண்டும். இதில் அழுத்தம் ஒன்று இரண்டு பார்தான், ஆகவே முறையான எஸ்பிரெஸ்ஸோ ஆகாது. ஆனால் பாலோடு கலந்தபின் வித்தியாசம் கண்டுபிடிப்பவர் குறைவு. லாட்டே பிரியர்களுக்கு என் சிபாரிசு இதுதான்.

கோல்ட் ப்ரூ: கருவியே வேண்டாம். 100 கிராம் கரகரப்பான தூள், 800 மி.லி. தண்ணீர், மூடி ஃப்ரிட்ஜில் 12 முதல் 16 மணி நேரம், துணியில் வடிகட்டல். தூள் தன் எடையைப் போல இரு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே சுமார் 600 மி.லி. கெட்டிச் சாறு கிடைக்கும். கிளாஸுக்கு 100 மி.லி. எடுத்து ஐஸும் பாலும் சேர்த்தால் ஆறு கிளாஸ். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சிரப் வேண்டுமா? சர்க்கரையும் தண்ணீரும் சம எடை, கரையும் வரை சூடு, ஒரு சொட்டு வெனிலா.

வெளியே கொண்டுபோக பிளாஸ்க்கை முதலில் வெந்நீரால் அலசுங்கள். கறுப்புக் காபியாக மட்டும் ஊற்றுங்கள். பாலை மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக வைத்தால் கெடும்.

படி 9: எஸ்பிரெஸ்ஸோ மெஷின் வாங்கத் துடிப்பவர்களுக்கு

விலையைப் பணத்தில் பார்க்காதீர்கள், கப்பில் பாருங்கள். மெஷினும் அரைப்பானும் சேர்ந்து 120 கடைக் கப்பின் விலை என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஒரு கப்புக்கு, பாலும் தூளும் சேர்த்து, கடை விலையில் கால் பங்கு ஆகிறது. ஒவ்வொரு கப்பிலும் மிச்சம் முக்கால் பங்கு. 120ஐ முக்காலால் வகுத்தால் 160. கடையில் குடித்திருக்கக்கூடிய 160 கப்புகளை வீட்டில் போட்டபின்தான் போட்ட முதல் திரும்பும். வாரம் நான்கு என்றால் 40 வாரம். மெஷின் இருக்கிறதே என்று புதிதாகக் குடிக்கும் கப்புகள் இந்தக் கணக்கில் சேராது, அவை தனிச் செலவு. ஆறு மாதம் மோகா பாட்டை விடாமல் பயன்படுத்தியவர்கள் மட்டும் மெஷினைப் பற்றி யோசியுங்கள். பாதியில் அலுத்தவர்கள் விற்கும் பழைய மெஷின்கள் நிறையக் கிடைக்கும். அவர்கள் ஏன் விற்கிறார்கள் என்றும் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

படி 10: மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள்

மீண்டும் இரண்டு வாரம், அதே ஐந்து காரணம். பழக்கம் பூனை மாதிரி, ஒரு கதவைச் சாத்தினால் வேறு ஜன்னல் வழியே வரும். எனக்குக் கடைக்காபி குறைந்த இடத்தில் கடைக் கேக் ஏறியிருந்தது, அதைப் பிடிக்க இந்த இரண்டாவது குறிப்புதான் உதவியது. 11 கப் ஆறாக ஆகியிருந்தது. நான்கு இடத்துக்காக, நான்கிலும் சின்ன அமெரிக்கானோ. மிச்சம் இரண்டும் ருசிக்காக, கோர்ட்டாடோ, உட்கார்ந்து, பீங்கான் கப்பில்.